தத்துப் பிள்ளைகளும் தளிர்ப்பருவக் காயங்களும்

தமிழில் தாய்க்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவி உடன்போக்கில் சென்றபின் இவ்விருவரும் வருந்திக் கூறும் கூற்றுகள் சங்க அகப்பாடல்களில் தனித்தனியே இடம்பெறுகின்றன. பெற்றவளின் துயரையும் வளர்த்தவளின் துயரையும் துலாக்கோலில் இட்டு நிறுத்துப் பார்க்க நம் புலவர்கள் முற்படவில்லை. வளர்ப்பு என்பது பிறப்பிற்கு ஈடான உறவு எனும் எண்ணம் நம் மொழிக்குப் புதிதன்று.

ஆயினும் அவ்வுறவு எத்துணை எளிதில் முறியக்கூடும் என்பதையும் நம் இலக்கியம் காட்டியுள்ளது. மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன், பிறந்த இரவிலேயே தாயால் தோட்டமொன்றில் கைவிடப்பட்ட குழந்தை. ஏழு நாள் பசுவொன்று பாலூட்டிக் காத்தது. பின்னர் வயனங்கோட்டு அந்தணன் இளம்பூதி அவனைக் கண்டெடுத்துத் தன் மகனாகவே வளர்த்தான், கல்வியும் அளித்தான். வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை அச்சிறுவன் விடுவிக்க முயன்றபோது ஊரார் வெகுண்டனர். அவன் பிறப்பைப் பலர் முன் சொல்லி இழித்தனர். அவ்வேளையில் வளர்த்த தந்தையும் அவனை மனையினின்று நீக்கினான். ஒரு முறை கைவிடப்பட்ட பிள்ளை, தனக்குத் துணை மிக வேண்டிய நேரத்தில் மறுமுறையும் கைவிடப்பட்டான்.

காப்பியத்தின் ஆபுத்திரன் மதுரை சென்று, ஆதரவற்றோர்க்கு உணவளித்து, அமுதசுரபி பெற்று உயர்ந்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் அத்தகைய வாழ்வு வாய்ப்பதில்லை. தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளின் உள்ளத்தில் இளமையிலேயே படிந்துவிட்ட காயம் யாது, அதனை ஆற்றும் வழி யாது என்பனவற்றை உளவியல் ஆய்வுகளின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காயம் என்பது யாது?

“கைக்குழந்தைக்கு என்ன நினைவிருக்கப் போகிறது? நல்ல வீட்டிற்கு வந்துவிட்டால் எல்லாம் மறந்து போகும்” என்று கூறுவோர் நம்மிடையே பலர். இக்கூற்றில் பாதியே உண்மை. முதல் இரண்டாண்டுகளில் நிகழ்ந்தவற்றைக் குழந்தை பிற்காலத்தில் கதையாக எடுத்துரைக்க இயலாது. ஆனால், அழுதால் யாரேனும் வருவரா, பசித்தால் உணவு கிட்டுமா, தூக்கும் கை அணைக்குமா அடிக்குமா என்னும் எதிர்பார்ப்புகளை அதன் உடலும் மூளையும் அப்பருவத்திலேயே கற்றுக்கொண்டு விடுகின்றன. சொல்லாக நில்லாத அந்நினைவு நடத்தையாக நிற்கிறது.

பிறந்த குழந்தையால் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ள இயலாது. அது அழுகிறது, ஒருவர் எடுத்து அணைக்கிறார், நெஞ்சத் துடிப்பு தணிகிறது. ஆயிரம் முறை இவ்வாறு நிகழ்ந்த பின்னரே அமைதியடையும் திறன் குழந்தையிடம் ஊன்றுகிறது. எவரும் வாராதபோது உடலில் கார்டிசால் முதலிய நெருக்கடிச் சுரப்புகளின் ஒழுங்கு குலைகிறது. மூளை எப்போதும் ஆபத்தை எதிர்நோக்கும் நிலைக்குப் பழகிவிடுகிறது. நாளடைவில் அழுவதால் பயனில்லை என்று கண்டு குழந்தை அழுகையையே நிறுத்திவிடுகிறது. அழாத குழந்தையை ‘நல்ல குழந்தை’ என்று பாராட்டுகிறோம். சில வேளைகளில் அது நம்பிக்கை இழந்த குழந்தையாக இருக்கக்கூடும்.

1940களில் ரெனே ஸ்பிட்ஸ் என்னும் மருத்துவர், குழந்தை இல்லங்களில் உணவும் தூய்மையும் குறைவின்றி அளிக்கப்பட்டும் தாயன்பு இன்றிக் குழந்தைகள் நலிவதை எடுத்துக்காட்டினார். 1951இல் ஜான் பௌல்பி உலகச் சுகாதார நிறுவனத்திற்காக எழுதிய அறிக்கை, தாயோடு அல்லது தாய்க்கு நிகரான ஒருவரோடு குழந்தைக்கு அமையும் நெருங்கிய, தொடர்ச்சியான உறவு அதன் மனநலத்திற்கு இன்றியமையாதது என வலியுறுத்தியது. அவருடன் பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த் இவ்வுறவின் வகைகளை ஆராய்ந்து விளக்கினார். ‘பற்றுறவுக் கோட்பாடு’ என இன்று வழங்குவது இவர்களது உழைப்பின் பயனே.

ருமேனியா தந்த பாடம்

இவ்வுண்மையை உலகம் கண்கூடாகக் கண்டது ருமேனியா நாட்டில். மக்கள்தொகையைப் பெருக்க விரும்பிய சௌசெஸ்குவின் அரசு 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தது. வளர்க்க வகையற்ற ஏழைக் குடும்பங்கள் குழந்தைகளை அரசு இல்லங்களில் விட்டன. 1989 டிசம்பரில் அவ்வாட்சி வீழ்ந்தபோது ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் அவ்வில்லங்களில் இருந்தமை வெளிப்பட்டது. கம்பித் தொட்டில்களில் நாளெல்லாம் கிடந்து, தம்மைத் தாமே ஆட்டிக்கொண்டு, எவரையும் நோக்காதிருந்த குழந்தைகளின் படங்கள் பல நாட்டாரையும் உலுக்கின. ஆயிரக்கணக்கானோர் தத்தெடுக்க முன்வந்தனர்.

இங்கிலாந்துக் குடும்பங்களால் தத்தெடுக்கப்பட்ட 165 ருமேனியக் குழந்தைகளை மைக்கேல் ரட்டர் தலைமையிலான ஆய்வுக்குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஆறு மாத வயதிற்குள் இங்கிலாந்திலேயே தத்தளிக்கப்பட்ட 52 குழந்தைகளோடு அவர்களை ஒப்பிட்டது. ருமேனிய இல்லங்களில் ஆறு மாதத்திற்கும் குறைவாக இருந்தவர்கள், பிற தத்துப் பிள்ளைகளைப் போன்றே பெரும்பாலும் நலமுடன் வளர்ந்தனர். ஆறு மாதத்திற்கு மேல் இருந்தோரிடம் கவனமின்மை, அயலாரிடம் அளவிறந்த நெருக்கம், பிறரோடு பழகுவதில் இடர்ப்பாடு ஆகியன மிகுதியாகக் காணப்பட்டன. பலரிடம் இவை இளமைப் பருவம் வரை நீடித்தன. ஆனால் அறிவுத்திறனில் தொடக்கத்தில் இருந்த பின்னடைவு வளர்ந்தபின் பெரிதும் நீங்கிவிட்டது. நெடுங்காலம் இல்லத்தில் இருந்தோரிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் எக்குறையுமின்றி வளர்ந்தமை 2017இல் வெளியான முடிவுகளில் தெரியவந்தது.

புக்கரெஸ்ட் நகரில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய மூவர் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஆய்வு மற்றொன்று. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். நான்கரை வயதில் அளந்தபோது இல்லக் குழந்தைகளின் அறிவுத்திறன் ஈவு சராசரி 73 ஆகவும், குடும்பம் சேர்ந்த குழந்தைகளின் சராசரி 81 ஆகவும் இருந்தது. இரண்டு வயதிற்கு முன்னரே குடும்பம் பெற்றோர் அடைந்த பயன் இன்னும் மிகுதி. பின்னர் ருமேனியா தன் சட்டத்தை மாற்றி, இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதைத் தடுத்தது.

இவ்வாய்வுகள் இரண்டு செய்திகளை ஒருங்கே உரைக்கின்றன. குடும்பம் மருந்தாகிறது, எத்துணை விரைவில் கிட்டுகிறதோ அத்துணை நன்று. அதே வேளையில், அம்மருந்து ஒரே நாளில் வேலை செய்வதில்லை. சில வடுக்கள் நெடுநாள் நிற்கும். முதற்செய்தியை மட்டும் அறிந்த பெற்றோர் விரைவில் ஏமாற்றம் அடைவர். இரண்டாவதை மட்டும் அறிந்தோர் தத்தெடுக்கவே அஞ்சுவர். இரண்டையும் சேர்த்து அறிதல் வேண்டும்.

நடத்தைக்குப் பொருள் காணல்

தத்துப் பிள்ளையிடம் பெற்றோரைத் திகைக்க வைக்கும் நடத்தைகள் சில உண்டு. அவற்றின் பொருளை அறிந்தால் சினம் தணியும்.

வயிறார உண்ட குழந்தை ரொட்டியையும் பிஸ்கட்டையும் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கிறது. இதனைத் திருட்டு என்று அடிப்பது தவறு. நாளை உணவு கிட்டுமோ கிட்டாதோ என்று அதன் உடல் இன்னும் அஞ்சுகிறது. குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் பழமோ முறுக்கோ எப்போதும் ஒரு டப்பாவில் இருக்கட்டும். வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் எனக் கூறிவிடலாம். டப்பா காலியாகாது என்பதைப் பன்முறை கண்டபின் ஒளித்து வைத்தல் படிப்படியாகக் குறையும்.

விருந்தினர் எவர் வந்தாலும் ஓடிச்சென்று மடியில் அமர்ந்துகொள்ளும் குழந்தையை ‘கலகலப்பான பிள்ளை’ என்று மெச்சுவோம். பலர் மாறி மாறிக் கவனித்த இல்லத்தில் வளர்ந்த குழந்தைக்குத் தனக்குரியவர் யார் என்னும் வேறுபாடு தெரியாதிருத்தலே பெரும்பாலும் இதற்குக் காரணம். எனவே வீட்டிற்கு வந்த தொடக்கக் காலத்தில் உணவூட்டல், குளிப்பாட்டல், உறங்க வைத்தல் ஆகியவற்றைப் பெற்றோரே செய்தல் வேண்டும். உற்றார் அனைவரும் தூக்கிக் கொஞ்சும் விழாவைச் சில வாரங்கள் தள்ளிப்போடுவது குழந்தைக்குச் செய்யும் நன்மையாகும்.

அணைத்தால் உடல் விறைத்தல், இரவில் அலறி விழித்தல், சிறு மறுப்பிற்கும் பொருள்களை வீசி உடைத்தல் ஆகியனவும் அச்சத்தின் வெளிப்பாடுகளே. ஓரளவு பழகி நெருக்கம் வந்தபின் குழந்தை முன்னினும் முரண்டு பிடிப்பதுண்டு. “இவ்வளவு தீமை செய்தாலும் என்னை வைத்துக்கொள்வீர்களா?” என்று அது சொல்லின்றி வினவுகிறது. இளம்பூதி விடை தரத் தவறிய வினா இதுவே.

ஆற்றும் வழிகள்

முதலாவது, நாளின் ஒழுங்கு. எழுதல், உண்ணல், விளையாடல், உறங்கல் ஆகியன ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நிகழ்தல் நன்று. அடுத்து நிகழப்போவதை முன்னரே அறிந்த குழந்தைக்கு அச்சம் குறைகிறது. வெளியே செல்லும் தந்தை மறைந்து நழுவாமல், எப்போது திரும்புவார் என்று சொல்லிச் சென்று, சொன்னவாறே திரும்புதல் வேண்டும்.

இரண்டாவது, அறிவுரைக்கு முன் அமைதி. குழந்தை வெறிகொண்டு அழும்போது நியாயம் பேசிப் பயனில்லை. கேட்கும் நிலையில் அது இல்லை. அருகில் அமர்ந்து, குரலைத் தாழ்த்தி, அலை அடங்கும் வரை உடனிருத்தல் வேண்டும். அடங்கிய பின்னர் இரண்டொரு சொற்களில் தவற்றைச் சுட்டலாம்.

மூன்றாவது, தண்டனை முறை. அறையில் தனியே அடைத்தல், பேசாதிருத்தல், “திருப்பி அனுப்பிவிடுவேன்” என அச்சுறுத்தல் ஆகிய மூன்றும் பழைய காயத்தைக் கீறுவன. எல்லை வகுத்தல் தேவையே. ஆனால் எந்தத் தவற்றுக்கும் தண்டனையாக உறவை அறுக்கலாகாது. பெற்றோர் பொறுமை இழந்து கடிந்துவிடின், பின்னர் அழைத்து ஆறுதல் கூறட்டும். பிணக்கு வந்தாலும் உறவு மீளும் என்பதைக் குழந்தை அவ்வழியே கற்கும்.

நான்காவது, வல்லுநர் உதவி. பேசத் தெரியாத குழந்தைக்கு விளையாட்டு வழிச் சிகிச்சையும், வளர்ந்த பிள்ளைகளுக்கு அதிர்ச்சியை மையமாகக் கொண்ட நடத்தைச் சிகிச்சையும் உண்டு. அமெரிக்காவில் மேரி டோசியர் வகுத்த பயிற்சி, பத்து அமர்வுகளில் இல்லம் தேடிச் சென்று, குழந்தையின் குறிப்பறிந்து நடக்கப் பெற்றோரைப் பழக்குகிறது. நம் நாட்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலத்திற்கெனத் தனித்துறையே உள்ளது. மனநல மருத்துவரை நாடுதல் இழுக்கு எனக் கருதும் மனப்பான்மை நம்மைவிட்டு அகலவேண்டும்.

ஆனால் மருத்துவம் என்னும் பெயரில் வருவன எல்லாம் மருத்துவம் ஆகா. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், தத்துத் தாயோடு பற்றுறவை உண்டாக்குவதாகக் கூறிப் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைத் துணியில் சுற்றி அழுத்தி ‘மறுபிறப்பு’ச் சிகிச்சை செய்தனர். அவள் மூச்சுத் திணறி இறந்தாள். மறுவருடமே அம்மாநிலம் அம்முறையைத் தடைசெய்தது. வன்முறையால் அன்பைப் புகுத்த இயலாது.

உண்மை கூறல்

தத்துச் செய்தியைப் பிள்ளையிடம் மறைக்க விரும்புவோர் நம்மிடையே மிகுதி. ஆபுத்திரனின் கதை இங்கும் நமக்கு வழிகாட்டுகிறது. வீட்டார் அன்போடு சொல்லாத செய்தியை ஊரார் வசையாகச் சொல்வர். திருமண வேளையிலோ சொத்துப் பிரிவினையிலோ திடுமென அறிய நேர்ந்த பிள்ளை, பெற்றோர் கூறிய பிறவற்றையும் ஐயுறத் தொடங்கும்.

ஆதலின் மொழி புரியத் தொடங்கும் பருவத்திலேயே, உறங்கப்போகுமுன் சொல்லும் கதைபோல, “நீ வேறொரு தாயின் வயிற்றில் பிறந்தாய்; எங்களிடம் வந்து சேர்ந்தாய்” என்று சொல்லிப் பழகுதல் நலம். வயதிற்கேற்ப விவரங்களைக் கூட்டலாம். மேலை நாடுகளில் ‘வாழ்க்கைக் கதை ஏடு’ ஒன்று தொகுப்பர். இருந்த இல்லத்தின் படம், கவனித்தவர் பற்றிய குறிப்பு, வீட்டிற்கு வந்த நாள் ஆகியன அதில் இடம்பெறும். ஈன்ற தாயை இகழ்தல் ஒருபோதும் ஆகாது. வறுமை, அச்சம், ஊர்ப்பழி இவற்றுள் எதனால் பிரிந்தாளோ நாம் அறியோம். அவளை இகழ்ந்தால், தன்னுள் பாதியை இகழ்வதாகவே பிள்ளை உணரும்.

சமயமும் சட்டமும்

பிறப்பின் உண்மையை மறைக்கலாகாது என்பது இசுலாமியர்க்குப் புதிய செய்தியன்று. தந்தையை அவர் பிறக்குமுன்னரும் தாயை ஆறு வயதிலும் இழந்த நபிகள் நாயகம் அவர்கள், பாட்டனார் அப்துல் முத்தலிபிடமும் பின்னர்ப் பெரிய தந்தை அபூதாலிபிடமும் வளர்ந்தார்கள். அலிமா அம்மையார் பாலூட்டிய வரலாற்றை உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் பாடியுள்ளார். அநாதைகளைப் பேணுதல் பெருங்கடமையாக வற்புறுத்தப்படும் அதே நெறியில், வளர்ப்புப் பிள்ளையை அதன் சொந்தத் தந்தையின் பெயராலேயே அழைக்கவேண்டும் என்று திருக்குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் பணிக்கிறது. ‘கஃபாலா’ எனப்படும் இப்பொறுப்பேற்பை 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும் ஏற்றுக் குறிப்பிடுகிறது. வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லையாயினும், வாழும்போதே ஹிபா என்னும் கொடையாகவும், மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத்தாகவும் வழங்க இடமுண்டு. அதனைக் காலத்தே செய்து வைத்தல் பிள்ளையின் அச்சத்தை நீக்கும் செயல்களுள் ஒன்று.

நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை, 1956ஆம் ஆண்டின் தத்துச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோர்க்கே உரியது. பிறர் நெடுங்காலம் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தையே நாடினர். சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் எச்சமயத்தவரும் விரும்பின் தத்தெடுக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியது. இது விருப்பத்திற்குரிய வழி, எவர்மீதும் திணிக்கப்படுவதன்று. 2015ஆம் ஆண்டின் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்தின்படி, தத்து ஆணையை இப்போது மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். பெண்சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகள் பலரும் தத்து வழியாகவே குடும்பம் பெற்றனர்.

தத்தெடுப்போரிடம் குழந்தையைப் பற்றிய ஆய்வறிக்கையும் மருத்துவ அறிக்கையும் அளிக்கப்படுகின்றன. மருத்துவ அறிக்கையை மட்டும் நுணுகிப் படிப்போர் பலர். எத்தனை நாள் எங்கிருந்தது, யார் கவனித்தார், எதற்கு அஞ்சும், எதனால் ஆறுதல் அடையும் என்பனவற்றையும் கேட்டறிதல் வேண்டும். தத்துக்குப் பின் ஈராண்டுகள், ஆறு மாதத்திற்கொருமுறை நலம் அறிய வருவோரைச் சோதனையாளராகக் கருதி நலமே எனக் கூறி அனுப்பிவிடாமல், இடர்ப்பாடுகளை எடுத்துரைத்து உதவி பெறுதலே அறிவுடைமை. உதவி கேளாது துன்புற்ற சில குடும்பங்கள் இறுதியில் குழந்தையைத் திருப்பி ஒப்படைக்கும் நிலைக்கு வருவதும் உண்டு. அக்குழந்தைக்கு அது இரண்டாவது இழப்பு.

ஆசிரியரும் ஊராரும்

ஆசிரியர் பணிக்குச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். “நீ பிறந்தபோது எடுத்த படம் கொண்டு வா”, “உன் குடும்ப மரம் வரைந்து வா” என்று வகுப்பில் பணிப்பது எளிது. தத்துப் பிள்ளைக்கு அஃது அனைவர் முன்னும் நிகழும் விசாரணையாகிவிடக்கூடும். “உனக்குப் பிடித்த உன் படம்”, “உன்மேல் அன்பு கொண்டவர்கள்” என மாற்றிக் கேட்டால் பாடம் குறைவதில்லை. கவனம் சிதறும் மாணவனைக் கதவருகே நிறுத்துவதினும் தம் அருகே அமர்த்திக்கொள்வது மிகுந்த பயன் தரும்.

ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். “உனக்கு வாழ்வு கொடுத்தவர்கள், நன்றி மறவாதே” என்று அப்பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்லுதல் நம் வழக்கம். ஈன்ற பிள்ளைகளிடம் நாம் அவ்வாறு நாள்தோறும் நன்றி கேட்பதில்லை. பெற்றோரை இழந்த பிள்ளை கடனாளியாகவும் வளர வேண்டுமா என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. தவறு செய்தபோது “யார் பெற்றதோ” என ஒரு சொல் உதிர்த்தலும் அவ்வாறே. பத்தாண்டு வளர்ப்பை அச்சொல் ஒரு நொடியில் அசைத்துவிடும்.

இளமைக் காயம் ஆறக்கூடியது. பெற்றோர் தவறாமல் திரும்பி வருதல், உணவு தவறாமல் கிட்டல், சினந்த பின்னும் அணைப்பு மாறாதிருத்தல் ஆகிய எளிய செயல்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நிகழ்வதால் அது ஆறுகிறது. இவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. நீங்காத உறுதியே வேண்டும். ஊர் முழுதும் வெகுண்டு நிற்கும் நாளிலும் “இவன் என் மகன்” என்று சொல்லி வாயிலில் நிற்கக்கூடிய தந்தையும் தாயும் கிடைத்தால், ஆபுத்திரர்கள் மனை நீங்க வேண்டியிராது.